பதினேழாம் அட்டை

வருகை முப்பத்தொன்று.
காற்றுக்குப் படகு ஓடாததால்
நெடுந்தீவுக் கிளை வரவில்லை.
கொய்யாத்தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில்
பத்தேகாலுக்குக் கரண்ட் போனது.
இதையும் குறிப்பில் எழுதவேணுமோ என்று கேட்டேன்.
எழுதுங்கோ என்றார் தலைவர்
போன வருசக் கணக்கறிக்கையால் விசிறிக்கொண்டு.

அதுவரை எல்லாம் ஒழுங்காய்த்தான் நடந்தது.
சந்தா கட்டாத ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர்.
பருத்தித்துறைக்குப் போன புத்தகப் பெட்டி
பூட்டோடு திரும்பி வந்தது, திறப்பு வரவில்லை.
வாசிப்பு வாரத்துக்கு அடித்த பதாகையில்
வாசிப்பிலேயே ஒரு எழுத்தைக் காணவில்லை,
அதற்காக ஐந்நூறு ரூபாய் கழித்தார்கள்.

பிறகுதான் மேரி கிளாறா எழும்பினா.

குருநகர், இரண்டாம் வகுப்பு.
சங்கம் அடித்துக் கொடுத்த சோதனை அட்டை இருபது.
பதினேழாவதில் ஒரு படம், கீழே ஒரு சொல்:
மீன்.
றெக்சன் பார்த்தான்.
பாரை என்றான்.
பிழை போட்டனான், என்றா கிளாறா,
போட்ட நாளிலிருந்து நித்திரை இல்லை.

அவன் வாசிக்கேல்லை, படத்தைப் பார்த்திருக்கிறான்,
என்றார் சாவகச்சேரி அமிர்தநாதன்.
பாராமல் எப்பிடி ஐயா வாசிக்கிறது?
எழுத்தைக் கூட்டச் சொல்லியிருக்கலாமே.
சொன்னனான். மீன் எண்டால் எந்த மீன் ரீச்சர்
எண்டு திருப்பிக் கேட்டவன்.

பொருளாளர் பரநிருபசிங்கம்
அட்டையை யன்னலடிக்குக் கொண்டுபோய்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கனநேரம் நின்றார்.
இது பாரையே இல்லை. விளைமீன்.

மண்டபம் இரண்டாய்ப் பிரிந்தது.
றோல்ஸ் தட்டில் இலையான் இருந்ததை
ஒருவரும் கலைக்கவில்லை.
கீறினவர் கடலைக் கண்டிருக்க மாட்டார், என்றார்
வல்வெட்டித்துறையிலிருந்து வந்தவர்.
கீறினது நான்தான், என்றா
பின்வரிசையில் சிவகௌரி,
போனில் தேடிப் பார்த்துத்தான் கீறினனான்.

பாரைக்குப் புள்ளி கொடுக்கலாமா?
ஆதரவு பதினைந்து. எதிர் பதினைந்து.
தலைவர் தன் வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு
மணிக்கூட்டைப் பார்த்தார்.
ஒத்திவைக்கப்பட்டது.

திங்கள் காலை நான் குருநகர் போனேன்,
செயலாளராக இல்லை, சும்மா.
படத்தைப் பெருவிரலால் மூடி
சொல்லை மட்டும் காட்டினேன்.
காலால் சீமெந்துத் தரையைத் தேய்த்தான்.
மீ.
கடற்கரை றோட்டில் ஒரு ஓட்டோ போய் முடிந்தது.
ன்.
மீன், என்றான், களைத்துப்போய்.

விரலை எடுத்தேன்.
பாரை, என்றான் மூச்சு விடுமுன்னம்,
வாலைப் பாருங்கோ ரீச்சர்.

பார்த்தேன்.
உரும்பிராய்ச் செம்மண்ணில் பிறந்தவள் நான்,
சட்டியில் விழுந்த பிறகுதான் எனக்கு மீன்.
எந்த வாலும் எனக்கு ஒரே வால்.
அந்தப் படிவத்தில்
சரிக்கும் பிழைக்கும் நடுவில் ஒரு சாய்கோடு,
அதன்மேல் பேனையை வைத்தேன்.
எடுக்கத்தான் தெரியவில்லை.
மை ஊறி
மறுபக்கத்துப் பிள்ளையின் பெயரில் தெரிந்தது.

செய்திமடல் அச்சுக்குப் போகிற நாள்
பரநிருபசிங்கம் போன் எடுத்தார்.
பின்னால் சந்தைச் சத்தம், கத்தி விழுகிற சத்தம்.
மூண்டு பேரிட்டைக் காட்டினனான், தங்கச்சி.
மூண்டு பேரும் மூண்டு பேர் சொல்லுகினம்.
ஒருத்தரும் மீன் எண்டு சொல்லேல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தி,
அட்டையில் செதிள் ஒட்டிப்போச்சு,
கணக்கில் போடுங்கோ:
அட்டை ஒன்று, சேதம்.