முதலைக்குப் பச்சை

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத்தான் சொன்னான்,
நாளைக் காலை வகுப்புக்கு
ஒரு காகித மிருகக்காட்சி சாலை வேண்டுமென்று.
பத்து விலங்குகள். தானாக நிற்க வேண்டும்.
பசை கூடாது.

மொரியோகாவில் அன்று ஈரப் பனி.
நூறு யென் கடையை எட்டுக்கே மூடிவிட்டார்கள்.
குப்பைக்கென்று கட்டிவைத்த காகிதங்களை அவிழ்த்தோம்.
பீட்சா விளம்பரத்தின் சிவப்பில் நரி,
மருந்துக்கடை உறையில் பனிக்கரடி,
மின்கட்டண ரசீதுகளில்
இரண்டு பென்குவின், ஒன்றுக்குக் கொஞ்சம் கூன்.

மினோரி எதிரே வந்து உட்கார்ந்தாள்.
கோடைக்குப் பிறகு
ஒரே மேசையில் நாங்கள் உட்கார்ந்தது அன்றுதான்.
செய்முறையை அவள் வாசிக்க, நான் மடித்தேன்.
"விட்டுவிட்டு வரும் கோடு பள்ளம்.
இடையில் புள்ளி வந்தால் மலை."
"மலைதானே மடித்திருக்கிறேன்."
"திருப்பிப் பிடி, குமாகாய்."
கல்யாணத்துக்கு முன், அலுவலகத்தில்,
அப்படித்தான் கூப்பிடுவாள்.
ஒரு கரடியும் ஒரு பள்ளத்தாக்கும் உள்ள பெயர்.
இப்போது அவளுக்கும் அதே பெயர்.
திருப்பிப் பிடித்தேன்.

யானைக்கு நாளிதழின் வானிலைப் பக்கம்.
இடது காதில், அகிதாவில் மழை.
ஒட்டகச்சிவிங்கி மூன்று முறை விழுந்தது.
நான்காம் முறை,
அது உட்கார்ந்திருக்கிறது என்று தீர்மானித்தோம்.
மினோரி சிரித்துவிட்டாள்.
பிறகு எழுந்துபோய்த் தேநீர் வைத்தாள்.

"முதலைக்குப் பச்சை வேண்டும்" என்றான் இபுகி.
"வெள்ளை முதலையும் உண்டு."
"எங்கள் சாலையில் இல்லை."
உள்ளே போனான்.
இழுப்பறை திறக்கும் சத்தம்.
எந்த இழுப்பறை என்று
இருவருக்கும் காதாலேயே தெரிந்தது.

மூன்று மாதமாக அங்கே கிடந்த தாள்.
நகராட்சியில் இலவசமாகத் தருவார்கள்.
பச்சைக் கோடுகள், பச்சைக் கட்டங்கள்,
கணவன் பெயர், மனைவி பெயர்,
பிள்ளை யாரிடம்.
எல்லாம் நிரப்பியாயிற்று,
இரண்டு சாட்சிகள்தான் பாக்கி.

யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
நான் பென்குவினின் கூனை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.
அவள் ஏற்கெனவே முடித்த பக்கத்தை
மறுபடி வாசித்தாள்.
அவன் தாளைத் தரையில் விரித்து,
முழங்காலால் அழுத்தி, நகத்தால் தேய்த்து,
தானே மடித்தான்.
நல்ல நீளமான முதலை.
அன்று செய்த பத்தில்
அது ஒன்றுதான் தட்டுத்தடுமாறாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் பார்வை நாள்.
ஜன்னலோரம் இருபத்தேழு மிருகக்காட்சி சாலைகள்.
நீல பாலித்தீன் குளத்தில் எங்கள் முதலை,
முதுகெல்லாம் பச்சைக் கட்டம், செதில் மாதிரி.
"தாளை எங்கே வாங்கினீர்கள்?"
என்று கேட்டார் ஆசிரியை ஹொரிகோமே.

குனிந்து பார்த்தேன்.
வாலில் என் பெயரின் பாதி.
தாடையில் அவள் கையெழுத்து.
பிள்ளை என்ற கட்டத்தை மட்டும் காணோம்.
ஏழு வயது.
தன் பெயரின் இரண்டு எழுத்தும் வாசிக்கத் தெரிந்தவன்.
வாயை லேசாகத் திறந்தேன்.
உள்ளே இருந்தது,
பற்களுக்குப் பின்னால், நான்காக மடித்து.

மினோரியும் வெகுநேரம் குனிந்திருந்தாள்.
என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை.

மார்ச்சில் விலங்குகள் வீடு திரும்பின.
ஒட்டகச்சிவிங்கி படுத்தேவிட்டது.
ஒரு மதியம் முதலையைப் பிரித்துப்
பையில் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போனேன்.
இப்படி மடித்த படிவம் செல்லுமா?
கவுண்டர் பெண் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
"மடிப்பு இருந்தால் பரவாயில்லை.
கிழியாமல் இருந்தால் போதும்.
சாட்சிகள் எங்கே?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
இருந்த தடங்களிலேயே மடிக்கத் தொடங்கினேன்.
வால் வந்தது. கால் நான்கும் வந்தன.
வாய் வரவில்லை.
மினோரிக்குப் போன் செய்தேன்:
வாய்ப்பக்கம் மலையா, பள்ளமா?

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் தட்டச்சு ஒலி, யாரோ இருமினார்கள்.
"அது அவனுக்குத்தான் தெரியும்" என்றாள்.
"நாலரைக்கு வந்துவிடுவான்.
அதுவரை
நீ எதையும் மடிக்காதே."