முதுகு

ஒன்பது வருஷம் நான் பார்த்த உலகம்
ஹீனெக் கோபெச்னியின் முதுகு.

இருவர் படகில் அவன் முன்னால், நான் பின்னால்.
அவன் துடுப்பு வலப்பக்கம், என்னுடையது இடப்பக்கம்.
வேகம் அவன் வைப்பான்,
திசை நான் பார்ப்பேன்.
பத்திரிகைகள் வேகத்தைத்தான் எழுதும்.

நிம்புர்க்கில் லாபே நதி
மூடுபனிக்குள் கிடக்கும் மார்ச் காலைகளில்
தண்டில் தெறித்த நீர் அங்கேயே உறையும்.
ஒருநாளும் கையுறை போட்டதில்லை அவன்.
பழைய மெத்தையில் அறுத்தெடுத்த துண்டின்மேல்
ஒரு காலை மண்டியிட்டு
ஆயிரம் மீட்டர், திரும்பவும் ஆயிரம் மீட்டர்.
எங்கள் நாட்டில் தேவாலயங்களுக்குக் குறைவில்லை,
கச்சேரி கேட்கப் போவோம்.
தினமும் மண்டியிட்டவன்
எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்,
எதையும் கேட்காமல்.
இல்லை, பொய். நொடிகளைக் கேட்டான்.

வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம்.
எழுநூறாவது மீட்டரில் அதைச் சுற்றித் தோல் சிவந்தால்
இன்னும் பத்து வீச்சில் பாயப்போகிறான்.
இதை யாரிடமும் சொன்னதில்லை,
அவனிடமும்.

ஹங்கேரியில் ஓர் ஆகஸ்ட். நான்காம் இடம்.
மூன்றாம் படகுக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு நொடியை நூறாக அறுத்ததில் நான்கு துண்டு.
மாலையில் காரின் கூரையில் படகைக் கட்டும்போது
வாரின் மறுமுனையை என் பக்கம் எறிந்துவிட்டு
"அடுத்த வருஷம் தனியாகப் போகிறேன்" என்றான்.
நான் வாரை இழுத்து முடிந்தேன்.
நன்றாக இறுக்கித்தான் முடிந்தேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.
மூன்று உலகப் பட்டங்கள்,
நடுவே தோளில் அறுவை,
ஒரு பாலாடைக்கட்டி விளம்பரம்.
எனக்குக் கோலீனில் பெட்ரோல் பங்க்கில் வேலை.
முதல் தங்கத்தைக் கல்லாவுக்கு மேலிருந்த டிவியில் பார்த்தேன்.
கேமரா முகத்தையே காட்டிக்கொண்டிருந்தது.
அந்த முகம் இப்படியெல்லாம் கோணும் என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.
டீசலுக்குக் காசு கொடுக்க நின்ற லாரிக்காரர்
"தெரிந்தவரா?" என்றார்.
"பின்பக்கம் தெரியும்" என்றேன்.

கடைசிப் பந்தயத்தில் எட்டாவது. ஒன்பது படகில்.
கோட்டைத் தாண்டியதும் கவிழ்ந்தான்.
வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்,
வெயில் அப்படி.

போன அக்டோபரில் வாசலில் வந்து நின்றான்.
தையற்காரர் ஒரு தோளை மட்டும் அகலமாக வெட்டிய கோட்டு.
வலது முழங்கால் மடங்கவில்லை, படியில் பக்கவாட்டாக ஏறினான்.
காரின் கூரையில் எங்கள் பழைய படகு,
அதன் பின்பாதியில் குறுக்கே அடித்த ஒரு பலகை.
"நீ முன்னால் போ" என்றான்.

அன்று நதியில் எங்களைத் தவிர
மணல் ஏற்றிய படகு ஒன்றுதான்.
முன்னால் யாருமில்லாத தண்ணீரை
முதன்முறையாகப் பார்த்தேன்.
பயமாக இருந்தது.
இத்தனை வருஷம் இதையா பார்த்துக்கொண்டு...
பின்னால் ஒரு துடுப்பு
திசை பிடிக்கத் தெரியாமல் தட்டுத்தடுமாறியது.

ரயில் பாலம் வரை அவன் பேசவில்லை.
அதற்கப்புறம் சொன்னான்:
"பெருத்துவிட்டாய்."