அலமாரி வழியாக ஏறும் காற்று

எஞ்சின் எண்ணெயில் நூறு மில்லி
ஒரு குப்பியில் பிடித்துத் தபாலில் அனுப்பினேன்.
ரீனோ பரிசோதனைக் கூடத்திலிருந்து
ஒரே வரி பதில்: சிலிக்கான் அதிகம்.
அதாவது மண்.
அதாவது, என் பன்னிரண்டு டன் வீடு
மூக்கால் மண் தின்கிறது.

பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி,
இடுப்பு உயரத்தில், ஒரு கம்பி வலை.
அங்கேதான் மூக்கு வைத்திருக்கிறான்
இந்த வண்டியை வரைந்தவன்.
வற்றிப்போன ஏரித்தரையில் ஒருநாளும் ஓட்டியிராதவன்.
சக்கரம் கிளப்பும் வெள்ளைப் புழுதி,
உப்பும் காரமும் கலந்த மாவு,
வழி கேட்காமல் உள்ளே போகிறது.

வின்னமக்காவில் இருபத்தேழு வருஷம்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
இருமுவது பிள்ளையா எஞ்சினா என்று
திரும்பிப் பார்க்காமல் சொல்வேன்.

லெலாண்ட் சுரங்க ஆபீஸில் கணக்கு எழுதியவன்.
"ஃபில்டர் தொண்ணூறு டாலர்.
வருஷத்துக்கு நாலு போட்டாலும் முந்நூற்று அறுபது.
கூரையில் ஓட்டை போட்டால்
விற்கும்போது யார் வாங்குவான்?"
"யார் விற்கப் போகிறார்கள்?"
இது அவன் நோட்டில் ஏறவில்லை.

நல்ல காற்று கூரைக்கு மேலே இருக்கிறது.
எஞ்சின் கட்டிலுக்கு அடியில்.
நடுவில் லெலாண்டின் சட்டைகள்.
"ஏன், உன் பக்க அலமாரி?"
"என் பக்கத்தில் ஏர் கிளீனர் இல்லையே."
டேப்பை வாங்கி அவனும் ஒருமுறை அளந்தான்,
இரண்டு அங்குலம் எங்காவது பொய் சொல்கிறதா என்று.

உகால்டேயின் லாரிக் கிடங்கில்
செத்துப்போன ஒரு கென்வொர்த்தின் குழாய்,
ஆறங்குலம், உள்ளே துருவில்லை.
இருபது டாலரும் ஒரு டஜன் முட்டையும்.

சூப் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன்.
ரம்பம் இறங்கியதும்
கட்டில் விளக்கின் வயரும் சேர்ந்து அறுந்தது.
ஒட்டிவிட்டேன்.
(இன்னும் மினுக்குகிறது என்பான்.)
ஃபைபர் தூள் கொட்டக் கொட்ட
வாக்குவம் குழாயை ஏந்தி நின்றான்,
ஒரு வார்த்தை பேசாமல்,
ஏழு சட்டைகள் தோளில்.

மழை வந்தால்?
அதற்குத்தான் அடியில் அந்த ரப்பர் வால்வு,
வாத்தின் அலகு மாதிரி:
தண்ணீர் இறங்கும், காற்று நுழையாது.
பழைய மூக்கைக் கேக் தட்டு ஒன்றால் அடைத்து
நாலு திருகாணி.

எங்கள் கோல்கொண்டாவில் வைரம் கிடையாது.
ஏற்றம் மட்டும் உண்டு.
காற்று படும் பாட்டைத் தண்ணீர் அங்குலத்தில் அளக்கிறார்கள்,
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
போன மாதம் உச்சியில் இருபத்திரண்டு.
இப்போது ஒன்பது.
லாரிகள் வழக்கம்போல முந்திப் போயின.
கண்ணாடியில் கறுப்புப் புகை மட்டும் இல்லை.
ஸ்வெட்டர் எடுக்கப் பின்னால் போனவன்
திரும்பி வரவில்லை.
"என்ன?"
"குழாய் ஜில்லென்று இருக்கிறது.
கை வைத்தால் இழுப்பது தெரிகிறது, வந்து பாரேன்."
"லெலாண்ட், நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்."

நான் யோசிக்காத ஒன்று இருந்தது.
அன்றிரவு எஞ்சினை அணைத்துப் படுத்தோம்.
மேற்கிலிருந்து காற்று.
காலிப் பாட்டில் வாயில் ஊதுவதுபோல்
கூரைக் குழாய் ஊதத் தொடங்கியது,
ஒரே சுரம்,
அலமாரிக்குள் யாரோ மாடு தேடுவதுபோல்.
ஒரு மணி. இரண்டு மணி.
அவன் எழுந்தான்.
ஏணியில் கால் சத்தம். மேலே முட்டிச் சத்தம்.
பிறகு அமைதி.

காலையில் அவன் நோட்டு மேசைமேல் திறந்திருந்தது.
டீசல், மைல், ஃபில்டர் வரிகளுக்கெல்லாம் மேலே
சிவப்பு மையில்:
"கிளப்பும் முன் தொப்பியைக் கழற்று."

எண்ணெய்க் குப்பி இன்னும் தபாலுக்குப் போகவில்லை.
மண் குறைந்ததா, தெரியாது.
சாவியில் கை வைத்துக் காத்திருக்கிறேன்.
முன்கண்ணாடிக்கு வெளியே, சரளைக்கல்மேல்,
கலைந்த தலையோடு லெலாண்ட்.
கம்பளித் தொப்பியை உயரத் தூக்கிக் காட்டுகிறான்,
நான் தலையாட்டும் வரை.