செப்டம்பர், குட்டி ஈனும் மாதம்

செப்டம்பர் கடைசியில் ஒரு பனி விழும், கோர் ஊர்ப் பக்கத்து மேய்ச்சலில்.
எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். விழுந்ததும் எல்லாருக்கும் வியப்பு.
இன்று காலை
விறைத்துக் கிடந்தவற்றை நான் எண்ணினேன்,
எழுந்து நின்றவற்றை நெவில்.

தாயை இழந்த குட்டியை, குட்டியை இழந்த ஆட்டிடம் சேர்க்க
இங்கே ஒரு வழி உண்டு.
செத்ததன் தோலை உரித்து
உயிரோடிருப்பதற்குச் சட்டையாக மாட்டிவிடுவது.
நாலு காலுக்கு நாலு ஓட்டை.
ஆடு மோந்து பார்க்கும். வாசனை சரி. மடியைக் கொடுக்கும்.
மூன்றாம் நாள் தோல் நாறத் தொடங்கும், அறுத்து எறிந்துவிடலாம்.
அதற்குள் பால் வேலையை முடித்திருக்கும்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.
இந்த ஒன்றை மட்டும் அவன் என்னிடம் விட்டுவிடுவான்.
கத்தியைத் தீட்டித் தருவான்,
பிறகு வேலியைச் சரிபார்க்கப் போவான்,
சரியாக இருக்கும் வேலியை.

அவனைப் பற்றி எனக்கு முதலில் தெரியவந்தது
காரை எப்போதும் வெளிவாசலைப் பார்த்து நிறுத்துவான் என்பது.
விருந்துகளில் கோட்டைக் கழற்ற மாட்டான்.
அக்காவைப் பார்க்க ஒரு வாரம் டனீடன் போய்த்
திரும்பி வந்தபோது
வங்கி மேலாளரைப் பார்த்தவன்போல் எனக்குக் கைகொடுத்தான்.
என் பக்கம் திரும்பிப் படுக்க மூன்று நாள் ஆயிற்று.
கோபம் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படியே நினைத்தேன்.
பேருந்து கிளம்பியதுமே
என்னை அடக்கம் செய்து முடித்திருந்தான்.

வளர்த்தவள் ஐவி நல்லவள். அதைச் சொல்லியாக வேண்டும்.
அவள் போனபின் அலமாரியைக் காலிசெய்தோம்.
மெல்லிய தாளில் சுற்றி ஒரு கம்பளிச் சட்டை, வெளிறிய மஞ்சள்.
கழுத்துப் பட்டியில் நூலால் தைத்த பெயர்: நெவில்.
கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று. அதிலிருந்த தேதி
அவன் பிறப்பதற்குப் பதினான்கு மாதம் முந்தையது.
சட்டையை மூக்கருகே கொண்டுபோனான்.
பூச்சி உருண்டை வாசம்.
பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தான்.

இன்வர்கார்கில் ஆஸ்பத்திரியில் பத்து நாள்
பெயரில்லாமல் இருந்திருக்கிறான்.
எடை எழுதியிருக்கிறது, குடித்த பாலின் அளவு எழுதியிருக்கிறது.
யார் தூக்கினார்கள் என்று எழுதவில்லை.
பெற்றவளுக்குப் பத்தொன்பது வயது, கம்பளி ஆலையில் வேலை.
அவளுக்கு எழுதிய கடிதம்
ஏழு வருஷமாக டிராக்டர் கருவிப் பெட்டியில் இருக்கிறது.
தபால் கட்டணம் இரண்டு முறை ஏறியது.
இரண்டு முறையும் பக்கத்தில் இன்னொரு ஸ்டாம்பு ஒட்டினான்.

இன்று நான் தோலை உரித்தேன்.
அவன் வேலிக்குப் போகவில்லை.
பனியில் மண்டியிட்டுக் குட்டியைப் பிடித்துக்கொண்டான்.
ஒவ்வொரு காலாக அவனே ஓட்டையில் நுழைத்தான்,
பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புவதுபோல.
ஆடு வந்தது. வால் பக்கம் மோந்தது. போய்விட்டு வந்து மறுபடி மோந்தது.
குட்டி கத்தியது.

‘அது இவளைக் கூப்பிடவில்லை’ என்றான் நெவில்.

ஆடு அசையாமல் நின்று கொடுத்தது.
குட்டி வால் துடிக்கத் துடிக்கக் குடித்தது.
நடுநடுவே காம்பை விட்டுவிட்டு
கொட்டகைக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக் கத்தியது,
திரும்பக் குடித்தது.

நான் வேனை நோக்கி நடந்தேன்.
அது வெளிவாசலைப் பார்த்து நின்றது.
‘கொஞ்சம் இரு’ என்றான் பின்னாலிருந்து.
யாரையும் அவன் இருக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

இருந்தேன்.
கால் விரல்கள் மரத்துப்போயின.