நாற்பத்து மூன்றாம் படம்

முதலில் ஸ்கேன் செய்தேன், பிறகுதான் கேட்டேன்.
இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தார்த்துவின் பழைய புத்தகக் கடையில்
நான்கு யூரோ.
சட்டைப்பைக்குள் அடங்கும் காளான் கையேடு,
அச்சான ஆண்டு எழுபத்தொன்று.
பதிப்பகம் இருந்த கட்டடத்தில்
இப்போது பல் பிடுங்குகிறார்கள்.
யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றான் ரைமோ.
செயலியின் சோதனைப் பதிப்பை
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கிக்கொண்டார்கள்.
செப்டம்பர். காடெல்லாம் மழை.

மனசாட்சி என்று பெரிதாகச் சொல்ல முடியாது.
கடையில் ஏற்றும்போது ஒரு சிறு பெட்டி கேட்டது:
இந்த உள்ளடக்கத்துக்கு உங்களுக்கு உரிமை உண்டா?
டிக் போட விரல் போனது.
நின்றது. அவ்வளவுதான்.

எழுதியவரின் மகன் யான்னஸ்
பார்னு துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறார்.
பதில் இரண்டே வரி:
"சொற்கள் அப்பாவுடையவை, எடுத்துக்கொள்ளுங்கள்.
காளான்கள் அவருடையவை அல்ல."

காளான்கள் ஹெல்வேயுடையவை.
கடைசிப் பக்கத்தில்,
விலைக்கும் காகித அளவுக்கும் நடுவே
எறும்பு எழுத்தில் இருந்தார்.
அந்த ஒரு பக்கத்தைத்தான்
நான் ஸ்கேன் செய்யவில்லை.

சாரேமா தீவிலிருந்து கையால் எழுதிய கடிதம்.
தொண்ணூற்றொன்பது படங்களுக்குச் சம்மதம்,
படத்துக்கு ஒரு யூரோ, ஆண்டுதோறும்.
"சும்மா தரமாட்டேன். சும்மா வரையவில்லை."
நாற்பத்து மூன்று மட்டும் கிடையாது.

"நான் பூசியது பச்சை.
அந்த வாரம் அச்சகத்தில் நீல மை தீர்ந்துபோனது.
காத்திருக்க மனமில்லாமல் ஓட்டிவிட்டார்கள்.
சாவுத்தொப்பி
தவிட்டு நிறத்தில், வதக்கித் தின்னலாம் போல,
முப்பதாயிரம் பிரதிகளில் நிற்கிறது,
அடியில் என் பெயர்.
நான்கு கடிதம் போட்டேன், ஒருவரும் அசையவில்லை.
முப்பதாயிரத்தை
முப்பதாயிரத்து ஒன்றாக்க
உங்களுக்கு அனுமதி இல்லை."

முப்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு
என்று பதில் எழுதினேன்,
அடித்தேன்,
மறுபடி அதையே எழுதினேன்.

அன்றிரவே படத்தை நீக்கி
எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பினேன்.
திறந்து பார்த்தவர்கள் நூற்று எண்பது.
மீதி முப்பத்திரண்டு பேரும்
சிக்னல் எட்டாத ஊசியிலைக் காட்டில்
கூடையும் கத்தியுமாகக் குனிந்திருக்கிறார்கள்
என்றே தோன்றியது விடியும்வரை.
காலையில் ஒன்பது பேர்.
வெள்ளிக்கிழமை இரண்டு.
அந்த இரண்டு இன்றும் இரண்டுதான்.

இப்போது நாற்பத்து மூன்றைத் தொட்டால்
ஒரு சாம்பல் சதுரம்:
படம் இல்லை. வரைந்தவர் அனுமதிக்கவில்லை.
பல்லுப் போன வாய் மாதிரி இருக்கிறது என்கிறான் ரைமோ.
இருக்கட்டும்.

பெட்டியில் டிக் போட்டேன்.
தொண்ணூற்றொன்பது யூரோ அனுப்பினேன்.
எதற்காக என்று வங்கி கேட்டது,
அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டேன் என்றது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
பச்சை
என்று எழுதினேன்.