அளவுக்கு ஒரு கை

சீனியப்பா தர்கா கரையில்
கடல்பசு ஒதுங்கிக் கிடந்தது.
வயிற்றில் கட்டம் கட்டமாய் வலைத் தழும்பு.
யார் வலை என்று யாரும் கேட்கவில்லை.

பாசி எடுத்துத் திரும்பும் நேரம்.
விரலுக்கு விரல் துணி சுற்றி,
காலில் தகரத் தட்டு கட்டியபடி
தள்ளி நின்றோம் ஏழு பேர்.

டாக்டர் ஜெசிந்தா செல்போனிடம் பேசிக்கொண்டே அறுத்தார்:
"பெட்டை. எட்டரை அடி. நுரையீரலில் நீர்."
அக்குளில் முலை இருந்தது.
களஞ்சியம் மாராப்பைச் சரிசெய்துகொண்டாள்.

துடுப்பின் தோலை உரித்ததும்
உள்ளே கை.
மேலே ஒற்றை எலும்பு, முழங்கைக்குக் கீழே இரண்டு,
மணிக்கட்டில் கூழாங்கற்கள்,
பிறகு விரல்கள். எண்ணினேன்,
ஐந்து.
பிறந்த பிள்ளை முகத்தைக் கீறிக்கொள்ளாமல்
மாட்டிவிடுவோமே, அந்த உறைக்குள்
ஆயுசுக்கும் இருந்த ஐந்து.

அளவுகோலை அலை கொண்டுபோயிருந்தது.
"யாராவது பக்கத்தில் கை வையுங்க, படத்துக்கு."
துணியை அவிழ்த்து நான் வைத்தேன்.
உப்பில் ஊறி வெளுத்த என் ஐந்து
அதன் ஐந்தை அடுத்து.
"அமைப்பு ஒத்த உறுப்பு" என்றார் போனிடம்.

சுறாப்பீலியைக் கிழித்துப் பார்த்திருக்கிறேன்,
வீட்டில் காயப்போட்ட காலத்தில்.
நார், நார், கண்ணாடி நூல் மாதிரி நார்.
விரல் என்று ஒன்றுகூட இல்லை.
தூரத்தில் ஓங்கல் முதுகும் சுறா முதுகும் ஒன்றுதான்,
பந்தயம் கட்டித் தோற்ற வள்ளக்காரர்கள் உண்டு.
தண்ணீர் சாதி சனம் பார்ப்பதில்லை,
வேகமாய்ப் போகிறவர்களை
ஒரே அச்சில் தட்டிவிடுகிறது.
பாறைக்கடியில் கிடக்கும் மீனுக்கு
என் தகரத் தட்டும் துடுப்புதான்.
கயிற்றை அவிழ்த்தால் தகரம்.

உறவு உள்ளே இருக்கிறது, சரி.
தெரிந்து என்ன?
என் சின்னம்மா வீட்டு அடுப்பில்
கதவைச் சாத்திவிட்டு ஒரு ராத்திரி
இதன் கறி வெந்தது.
மாட்டுக்கறி என்று சொல்லித்தான் போட்டார்கள்.
நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன்.

குழியில் மணல் தள்ளும்போது
துடுப்பு மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்றது.
டாக்டர் கடைசியாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்:
"படம் பதினொன்று. இடது முன்னங்கால்.
அருகே, அளவுக்கு, ஒரு கை."

துணியை மறுபடி சுற்றினேன்,
சுண்டுவிரலிலிருந்து.
முயல்தீவுப் பக்கம் தண்ணீர் இன்னும் தெளிவாய் இருந்தது.