பூஜ்ஜியம் அடி நகர்

ஓவுலு துறைமுக அலுவலகத்தில்
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
சைமா விளக்கைப் போடவில்லை.
தப்பைப் பார்க்கத் திரை வெளிச்சம் போதும்.

உறைந்த கடல்மேல் தீவுக்கு ஒரு சாலை.
சாலை நெடுக நாற்பது துளை, துளைக்கொரு வரி.
துரப்பணத்தோடு நடந்துகொண்டே
இல்போ தொலைபேசியில் சொன்னான்:
"பதினேழில் நீரோட்டம். முப்பத்தெட்டில்லை,
இருபத்தொரு சென்டிமீட்டர்."

நிரல் கோப்பைத் திறந்தது.
படிக்கவும் எழுதவும் ஒரே கதவு.
பதினாறு வரி படித்துவிட்டுப்
பதினேழின் வாசலில் நின்றது.
எழுது என்றாள். எழுதியது.
ஒரு பிழைச்செய்திகூட இல்லை.

பதினேழில் முப்பத்தெட்டு அப்படியே இருந்தது.
இருபத்தொன்று
நாற்பதாம் துளையும் தாண்டி
எந்தப் பனிக்கும் சொந்தமில்லாமல்
கோப்பின் வாலில் கிடந்தது.

தன் கணினியில் நேற்று இதே நிரல்
ஒழுங்காக ஓடியதுதான்
அவள் வயிற்றைக் கலக்கியது.

ஒரு வரிதான் கேட்டோம்.
முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு
மொத்தக் கோப்பையும் வாரி
மடியில் கட்டிக்கொண்டிருக்கிறது.
மடியிலிருந்து கிள்ளிக் கிள்ளி நமக்குத் தருகிறது.
நம் கண் பதினேழில்,
அதன் கால் கடைசியில்.

கையேட்டைப் புரட்டினாள்.
படித்த கை எழுதுமுன் இடம் பெயர வேண்டும்;
தவறினால் விளைவு
வரையறுக்கப்படவில்லை.

வரையறுக்கப்படவில்லை!
நீரோட்டத்தின் மேல் கிடக்கும் பனியைப் பற்றி
இல்போ இவ்வளவு நாசூக்காகச் சொன்னதில்லை.

ஒரே ஒரு வரி சேர்த்தாள்:
நிற்கும் இடத்திலிருந்து
பூஜ்ஜியம் அடி நகர்.

எங்கும் போகாத அந்தப் பயணத்தில்
மடி உதறப்பட்டது,
கால் கண்ணிடம் திரும்பி வந்தது.

பழைய அளவை நம்பி
கரைத் தடுப்பு இன்னமும் பச்சை காட்டியது.
"சைமா, லாரி விளக்கு தெரியுது" என்றான் இல்போ.
அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
மூடிக்கொண்டாள்.
காற்று இரைந்தது. அவன் முடிக்கட்டும்.
"சின்ன வண்டியில்ல. மரம் ஏத்தினது."

ஓட்டு.
பதினேழு: இருபத்தொன்று.
பச்சை சிவப்பானது.

முன்சக்கரம் பனியைத் தொட
ஒரு கை இருக்கையில் லாரி நின்றது.
திட்டிக்கொண்டே இறங்கிய ஓட்டுநர்
சிகரெட் பற்றவைத்தார்,
முழுதாகப் பிடித்து முடித்தார்,
பூஜ்ஜியம் அடி நகர்ந்து.